படிக்கலாம், வேலைக்குச் செல்லாது

இன்று காலை தபால்காரர் உன் பெயருக்கு ஓர் உறை கொண்டுவந்தார். என் வீட்டு எண், என் தெரு, மேலே உன் பெயர். "அவங்க இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார். "வெளியே போயிருக்காங்க" என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்ததால் தபாலெல்லாம் தொலைகிறது என்று என் முகவரியைக் கொடுத்திருந்தாய். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறது. 'இரண்டாம் ஆண்டுக்கான பதிவைத் தாங்கள் இதுவரை புதுப்பிக்கவில்லை. கல்வியைத் தொடர விரும்பினால் இம்மாத இறுதிக்குள் தெரிவிக்கவும்.' அச்சடித்த கடிதம். கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதைப் படித்த பிறகு சமையலறையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் பேச ஆரம்பித்தது ஒரு சண்டையில். வேலப்பன்சாவடியில் இருக்கும் கல்லூரிக்கு ஆவடியிலிருந்து தினமும் கல்லூரி விடும் ஒரே பேருந்தில்தான் போய்வந்தோம். நான் கணிதம் எடுக்கும் உதவிப் பேராசிரியை, முன்னால் மூன்றாவது வரிசை. நீ துப்புரவு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள், கடைசி வரிசை. நான்கு வருடம் அப்படியே போய்வந்திருக்கிறோம். உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீலச் சேலைக்காரம்மா என்றுதான் மனதில் இருந்தது.

அந்த வருடம் முதலாண்டுத் தேர்வு முடிவு வந்தது. என் பாடத்தில் பாதி வகுப்பு தேறவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நான் கொதித்தேன். "பின்னம் கூட்டத் தெரியாதவனுக்கெல்லாம் என்ஜினியரிங் சீட். சீட்டு நிரம்பினால் போதும் என்று கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவனையெல்லாம் உள்ளே விட்டால் வேறென்ன ஆகும்? எல்லாருக்கும் எதுக்குக் காலேஜ்?" என்றேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நீ அப்போது மேசையிலிருந்து டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை பேருந்து பூந்தமல்லியைத் தாண்டும்போது பின்னாலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"மேடம், நேத்து சொன்னீங்களே. யாருக்கெல்லாம் காலேஜ் வேணாம்? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"என் பேரும் அதுல கீதா இல்லியான்னு பாக்கணும்."

எனக்கு முகம் சுட்டது. "உங்களைச் சொல்லல. படிக்க முடியாதவங்களைச் சொன்னேன்" என்றேன்.

"முடியுமா முடியாதான்னு உள்ள போனாத்தானே தெரியும்?"

"உள்ள வந்து தோத்துப்போனா? நாலு வருஷம் வீண். பெத்தவங்க உழைப்பு வீண். கையில அரியர் பேப்பரோட வெளிய போவாங்க. அது மட்டும் நல்லதா?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தோத்துப்போறதுக்கும் ஒரு தபா உள்ள போணும் மேடம். எனக்கு அதுகூடக் கெடைக்கல."

பத்தாவதில் நீ கணக்கில் எண்பத்தேழு. பதினோராம் வகுப்புக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்த வாரத்தில் உன் அப்பா சுமை தூக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போனாய். காலர் மட்டும் தைக்கிற வேலை. பதினோரு வருடம் காலர் தைத்தாய். அதற்கிடையில் கல்யாணம், ரம்யா பிறந்தாள். பிறகு கம்பெனி மூடியது, எங்கள் கல்லூரிக்குத் துடைப்பத்தோடு வந்தாய். இதையெல்லாம் நீ ஒரே நாளில் சொல்லவில்லை. ஆவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் இடையில், மாதக்கணக்கில், துண்டு துண்டாகச் சொன்னாய்.

'மேடம்' என்பதை நீ கடைசிவரை விடவில்லை. 'நீங்க' மட்டும் எப்போது 'நீ' ஆனது என்று எனக்கு நினைவில்லை. "மேடம், நீ துன்னியா?" என்று ஆசிரியர் அறை வாசலில் நின்று நீ கேட்டபோது என் சக ஆசிரியை ஒருத்தி திடுக்கிட்டுப் பார்த்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடத்தில், என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் நீ.

விவாதத்தை நீ விடவில்லை. "பின்னம் தெரியலன்னா சொல்லிக்குடு. அதுக்குத்தானே ஒன்ன வெச்சிகீறாங்க" என்று ஒருநாள் சொன்னாய். கோபம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் நான்கு மணிக்குமேல் ஒரு தனி வகுப்பு ஆரம்பித்தேன். பதினொரு பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் நான்கு பேர். அந்த நான்கு பேரும் தேறினார்கள். மற்ற ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று நீ கேட்டாய். இப்போதும் தெரியாது.

நீ படிக்க வேண்டும் என்று சொன்னது அதற்கடுத்த வருடம். உன் திட்டம் சரியாகத்தான் இருந்தது. "மொதல்ல பன்னெண்டாவது பிரைவேட்டா எய்தலாம்னு கீறேன் மேடம். அப்பால டிகிரி."

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

எல்லாருக்கும் எதற்குக் கல்லூரி என்று கேட்டவள், உன்னோடு பேசிப் பேசி மறுபக்கம் வந்திருந்தேன். புதிதாக மாறியவர்களுக்கே உள்ள அவசரம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாவது இல்லாமலே சேரலாம், ஓர் ஆயத்தத் தேர்வு எழுதினால் போதும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். "எதுக்கு ரெண்டு வருஷத்தை வீணாக்கறே? நேரா டிகிரி சேரு" என்றேன்.

நீ யோசித்தாய். "அப்பால யாராவது பன்னெண்டாவது எங்கன்னு கேட்டா?"

"பட்டம் பட்டம்தான். யார் கேப்பாங்க?"

நான் எந்த விதியையும் படித்துப் பார்க்கவில்லை. ஒரு போன் செய்து யாரிடமும் கேட்கவில்லை. கணிதத்தில் ஒரு படியை நிரூபிக்காமல் தாண்டினால் மாணவர்களுக்கு மதிப்பெண் குறைக்கிறவள் நான். நீ என்னை நம்பினாய். மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய்.

மூன்று வருடம் வரலாறு படித்தாய். வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஆங்கிலத் தாளில் இரண்டு முறை தோற்றாய். "பாத்தியா, நானும் உன் ஏழு பேருல ஒருத்தி" என்று சிரித்தாய். மூன்றாவது முறை தேறினாய். முடிவு வந்த அன்று பேருந்தில் ஓட்டுநரிடமிருந்து ஆரம்பித்து எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாய். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

பிறகு அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. அதிலும் தேறினாய். சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது, இதே வீட்டுக்குத்தான். நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு உன்னோடு வந்தேன். நீ ரம்யாவின் பள்ளிப் பையைக் காலி செய்து அதில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாய்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பன்னெண்டாவது மார்க் ஷீட் எங்கம்மா?"

"அது இல்ல சார். டிகிரி கீது."

அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார், பிறகு என்னை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "பத்து, அப்புறம் பன்னெண்டு, அப்புறம் டிகிரி. இந்த வரிசையில படிச்சிருக்கணும். இல்லன்னா எடுத்துக்க முடியாது."

"அந்தப் பல்கலைக்கழகமும் அரசாங்கம் நடத்தறதுதானே சார்?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஆமா மேடம். படிக்கலாம். வேலைக்குச் செல்லாது."

நீ மெதுவாகத்தான் கேட்டாய். "அப்ப ஏன் சார் எங்களைச் சேத்துக்கினாங்க?"

அவர் கொஞ்சநேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். "அது எனக்குத் தெரியலம்மா" என்றார்.

திரும்பும்போது ரயிலில் நீ தண்ணீர் கேட்டாய், குடித்தாய், பாட்டிலை மூடிக் கொடுத்தாய். வில்லிவாக்கத்தில் வண்டி நின்றது. "என் தப்பு" என்றேன். "நான்தான் நேரா சேரச் சொன்னேன்."

"கம்முனு இரு மேடம்."

கொரட்டூர் ஏரி ஜன்னலில் வந்து போனது. அம்பத்தூரில் கூட்டம் ஏறியது. அந்த நெரிசலில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாய்: "ஊட்ல கேட்டா மார்க்கு பத்தலன்னு சொல்லிக்கிறேன். நீயும் அப்டியே சொல்லு."

எனக்காகத்தான் சொன்னாய் என்று அன்று புரிந்தது. உன் புருஷன் என்னைக் குறை சொல்லிவிடக்கூடாது, ரம்யா என்னை வேறு மாதிரி பார்த்துவிடக்கூடாது. நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்தப் பொய்க்குள் எனக்கு ஒரு நிழல் இருந்தது, அதில் ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை வேறு யாராவது செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. நாற்பது வயதில், பதினேழு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாய். அறைக் கண்காணிப்பாளர் உன்னை ஏதோ மாணவியின் அம்மா என்று நினைத்து வெளியே போகச் சொன்னாராம். ஹால் டிக்கெட்டைக் காட்டினாயாம். தேறினாய். மறுபடி கேட்டோம். பட்டத்துக்குப் பிறகு வாங்கிய பன்னிரண்டாவது பட்டத்துக்கு முன்னால் வராது என்றார்கள். நான் இரண்டு மனு எழுதினேன். பதில் வரவில்லை.

"சரி, இன்னொரு தபா படிச்சிட்டாப் போச்சு" என்றாய். அதே பல்கலைக்கழகம், அதே வரலாறு, அதே புத்தகங்கள். "எல்லாம் தெரிஞ்ச ராஜாவாத்தான் கீறாங்க மேடம்" என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் உன் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தேன். நீ களைத்திருந்தாய். ஒருமுறை ஏறிய படிகளையே கீழே இறங்கி மறுபடி ஏறச் சொன்னால் யாருக்குத்தான் களைக்காது?

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை லேசாக. செவ்வாயும் புதனும் வேலைக்கு வந்தாய். "டாக்டர்கிட்ட போ" என்றேன். "மாத்திரை போட்டுகினேன்" என்றாய். வியாழன் பேருந்தில் நீ இல்லை. வெள்ளிக்கிழமை போன் செய்தேன், ரம்யா எடுத்தாள். டெங்கு என்று சொல்லி அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஞாயிறு மதியம் நான் வந்தபோது உனக்கு நினைவு வந்து வந்து போனது. என்னை அடையாளம் தெரிந்தது. "மேடம், அசைன்மென்ட்டு பாஞ்சாந்தேதிக்குள்ள போடணும்" என்றாய். "போட்டுடலாம்" என்றேன். நம் கடைசிப் பேச்சு அது.

திங்கட்கிழமை விடிகாலையில் போனாய்.

உன் தெருவில் முழங்கால் தண்ணீர். அமரர் ஊர்தி உள்ளே வர முடியவில்லை. பெரிய சாலை வரை உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், அந்தச் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும். முன்னால் நடந்து, "இங்க பள்ளம், இங்க பள்ளம்" என்று தூக்கி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அழவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொண்டே போனார்.

எங்கள் கல்லூரியில் யாராவது இறந்தால் அறிவிப்புப் பலகையில் படம் வைத்துப் பூப்போடுவார்கள். உனக்கு வைக்கவில்லை. நீ ஒப்பந்த ஆள், கல்லூரிப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் உன் இடத்துக்கு வேறொரு அம்மா வந்தார். பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இந்த முறை நான் அவர் பெயரைக் கேட்டேன்.

மே மாதம் ரம்யாவுக்குப் பன்னிரண்டாவது முடிவு வந்தது. நான் கல்லூரி நிர்வாகத்தோடு பேசி, கட்டணம் இல்லாமல் ஓர் இடம் தருவதாகச் சொல்ல வைத்துவிட்டு, விண்ணப்பத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் புருஷன் வண்டிக்குப் போயிருந்தார். ரம்யா மட்டும் இருந்தாள். உன் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக் கேட்கிறாள்.

"எங்க காலேஜ்ல உனக்கு இடம் இருக்கு" என்றேன்.

"அங்க எல்லாரையும் சேத்துக்குவாங்கன்னு தெரியும் ஆன்ட்டி" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வேன்.

"படிக்கலாமே ரம்யா. அம்மா எவ்வளவு ஆசைப்பட்டாங்க."

"அம்மாவே ராவும் பகலும் படிச்சிச்சு. அதுக்கே மார்க்கு பத்தல. நான் அம்மாவுல பாதிகூடப் படிக்க மாட்டேன். எனக்கு மட்டும் எப்டி வரும்?"

நான் ரயிலில் ஒதுங்கிக்கொண்ட நிழலில் அவளும் இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

சொல்லிவிட்டேன். உன் மதிப்பெண் போதுமானதாக இருந்தது, நீ தேறியிருந்தாய், வரிசை தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், அந்த வரிசையை மாற்றச் சொன்னது நான். எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லாதே என்று சொன்னதையும் சொன்னேன்.

மாடி வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா பாஸா?"

"பாஸ்."

"ஒரு தபா சண்டையில சொன்னேன் ஆன்ட்டி. எக்ஸாம்ல பாஸாக முடியல, நீ இன்னா எனக்குப் புத்தி சொல்றன்னு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணியும் சொல்லல. சோறு போட்டுச்சு."

அவளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை. அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவள் எழுந்து போய்த் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் சேர்றேன் ஆன்ட்டி. நாலு வருஷம் படிச்சா இந்தப் படிப்பு செல்லும், யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்கன்னு இதுல எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றீங்களா?"

கிண்டல் இல்லை. அவளுக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது.

பேனாவை எடுத்தேன். என் வகுப்பில் தேறாமல் போனவர்களும், தேறியும் மூன்று வருடமாக உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களும் ஒவ்வொருவராக நினைவில் வந்தார்கள். பட்டம் பட்டம்தான் என்று உன்னிடம் ஒரு நொடியில் சொன்னவளால், உன் மகளுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். அவள் தாளை எடுத்து, மடித்து, அதே நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "டீ போடட்டா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

ஜூன் முதல் தேதியிலிருந்து வேனில் போகிறாள்.

இந்த வருடமும் முடிவு வந்தது, இந்த வருடமும் ஆசிரியர் அறையில் ஒருவர் என் பழைய கேள்வியையே கேட்டார், எல்லாருக்கும் எதற்குக் காலேஜ் என்று. "எல்லாருக்கும்தான் சார்" என்றேன். ஏன் என்றார். தோற்றுப்போவதற்கும் ஒருமுறை உள்ளே போக வேண்டும் என்று உன் வார்த்தையையே சொன்னேன். அதுவரை எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் உள்ளே வந்தவர்களை வைத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்று அவர் அடுத்துக் கேட்டார். உன் மகள் கேட்டதும் அதைத்தான். அவளுக்கு எழுதித் தராத கையோடுதான் நான் தினமும் வகுப்புக்குள் நுழைகிறேன். அறுபது பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள்.